ஆறு பத்து

என் கூரைதான் அவளுடைய தரை.
அவ்வளவே எங்கள் உறவு.
அதற்கு மேல், மாடிப்படியில் ஒரு தலையசைப்பு,
தபால் பெட்டியருகே ஒரு "குளிர் கூடிவிட்டது."

க்டினியாவில் அது மார்ச் மாதம்.
உருகவும் மனமில்லாமல் உறையவும் மனமில்லாமல்
பனி சாலையோரம் கறுத்துக் கிடந்தது.
மாலை ஆறு பத்துக்கு முதல் சத்தம்:
தொப்.
விளக்குக் குமிழ் நடுங்கியது.
கோப்பையில் தேநீர் நடுங்கியது.
யாரோ மூட்டை இறக்குகிறார்கள் என்று நினைத்தேன்.
மறுநாளும் ஆறு பத்து, மூட்டை.
அதற்கடுத்த நாளும்.

நான்காவது வாரம் படியேறினேன், சண்டைக்கு.
கதவைத் திறந்தாள் வியோலெட்டா,
கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர்,
நாற்பத்தாறு வயது, நெற்றியில் முகக்கவசத்தின் தடம்.
சமையலறை வாசல் நிலையில் குறுக்காக
ஓர் இரும்புக் கம்பி. அவளே பற்றவைத்தது.
"ஒரே ஒரு தடவை," என்றாள்,
"தாடை இந்தக் கம்பிக்கு மேலே வரணும், லுட்விக்.
அவ்வளவுதான் கேட்கிறேன்."
யாரிடம் கேட்கிறாள் என்று விளங்கவில்லை.
எதற்கு என்றேன்.
"இருபத்திரண்டு வருஷமா அடுத்தவன் கப்பலைத்தான் நிமிர்த்தினேன்.
என் எடை எவ்வளவுன்னு என் கைக்குத் தெரியவேண்டாமா?"
கொண்டுபோன சண்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு
இறங்கி வந்தேன்.

பிறகு காது பழகிவிட்டது.
சட்டென்று தொப் என்றால், இன்று கை வழுக்கிவிட்டது.
தொப்புக்கு முன் கம்பியின் முனகல் சற்று நீண்டால்
இரண்டு விரற்கடை ஏறியிருக்கிறாள்.
மூன்று தொப், ஓர் இடைவெளி, ஒரு கெட்ட வார்த்தை,
நான்காவது தொப்:
அது வியாழக்கிழமை, இரட்டை ஷிப்ட்.
மனவுறுதி பாறை மாதிரி என்று
பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள்.
பாறை விழுந்தால் ஒருமுறைதான் சத்தம் கேட்கும்.
இது தினமும் விழுந்தது.

நவம்பரில் நின்றது.
ஒரு நாள். சரி, சளியாக இருக்கும்.
மூன்று நாள். ஐந்து.
ஆறு பத்துக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு
தேநீரை ஆறவிட்டேன்.
நடுங்காத தேநீர் இவ்வளவு சப்பென்றிருக்கும் என்று
எனக்குத் தெரியாது.
ஒன்பதாம் நாள் குப்பைத் தொட்டியருகே அவள்,
கையில் டோனட் கடையின் காலிப் பெட்டிகள், நான்கு.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் பெட்டிகளைப் பார்க்கவில்லை.
தைரியம் சொல்லும் வாக்கியம் ஒன்று தொண்டைவரை வந்தது.
நானோ, மூன்று முறை ஓட்டுநர் தேர்வில் தோற்று
நான்காவது படிவத்தைச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில்
பத்து வருடமாகப் பத்திரப்படுத்துகிறவன்.
விழுங்கிவிட்டு, "இப்போதெல்லாம்
என் விளக்கு ஆடுவதே இல்லை," என்றேன்.
அது புகார் மாதிரிதான் ஒலித்தது.

பத்தாம் நாள், ஆறு பத்துக்கு இல்லை,
எட்டு நாற்பதுக்கு:
தொப்.
முனகல் குறுகித்தான் போயிருந்தது.
அளந்து பார்த்தேன், காதால்:
ஒன்பது நாள் தின்றது ஒரேயொரு விரற்கடை.
மிச்சமெல்லாம் அவள் கையிலேயே இருந்தது.

பிப்ரவரி. கடல் கரையோரமாக உறைந்திருந்தது.
முனகல் தொடங்கியது.
நீண்டது.
கோப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
இன்னும் நீண்டது.
தொப் வரவில்லை.
வெகுநேரம் கழித்து இரண்டு பாதங்கள்
ஒன்றன்பின் ஒன்றாகத் தரை தொட்டன,
திருடன் இறங்குவது மாதிரி.

மறுநாள் படியில் மறித்துக் கேட்டேன்,
மேலே என்ன தெரிந்தது?
"ஃபிரிட்ஜ் மேலே தூசி. இவ்வளவு கனத்துக்கு," என்றாள்.
"அப்புறம், நாலு வருஷமாத் தேடின ஸ்குரூ டிரைவர்."
பஸ் வந்துவிட்டது. ஓடினாள்.

அன்றிரவு நாற்காலி போட்டு ஏறி
என் ஃபிரிட்ஜின் மேலே பார்த்தேன்.
நாற்காலி கணக்கில் சேராது, தெரியும்.
கீழ்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
இறங்கும்போது
கொஞ்சம் பலமாகவே குதித்தேன்.